பாதியில் நின்ற நீச்சல் வகுப்பு

1

எங்கள் ஊர் நீச்சல் குளத்தின் கதவில் இந்த வாரம் மறுபடியும் தாளை மாற்றியிருக்கிறார்கள். எங்கள் ஊர் என்று நான் சொல்வது பாரிஸுக்கு வெளியே இருக்கும் ஒரு சின்ன நகரம். செஞ்சிக்காரி ஒருத்தி இதை எப்போது எங்கள் ஊர் என்று சொல்லத் தொடங்கினாள் என்று கேட்டால் எனக்கே தெரியாது. வாயில் தானாக வந்துவிட்டது.

முதலில் ஒட்டிய தாளில், மராமத்து வேலை நடக்கிறது, இலையுதிர் காலத்தில் திறப்போம் என்று இருந்தது. எந்த வருஷத்து இலையுதிர் காலம் என்று போடவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்தத் தாள் போய் வசந்த காலம் என்று ஒரு தாள் வந்தது. அதுவும் போய் 'எதிர்பாராத காரணங்களால்' வந்தது. இந்த வாரத் தாளில் காலமே இல்லை. உங்கள் பொறுமைக்கு நன்றி என்று மட்டும் பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். நான் எப்போது பொறுமையாக இருந்தேன், இவர்கள் எனக்கு நன்றி சொல்ல?

பணக்காரர்களின் கிளப்பில் இருக்கும் குளம் என்று நினைத்துவிடாதீர்கள். நகராட்சியே கட்டி நடத்தும் பொதுக் குளம் இது. மேலே கூரை போட்டு, தண்ணீரைச் சூடாக்கி, பனி கொட்டும் மாதத்திலும் திறந்து வைத்திருப்பார்கள். பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துப்போய் நீச்சல் கற்றுக்கொடுப்பார்கள். கணக்கு, இலக்கணம் மாதிரி இங்கே நீச்சலும் ஒரு பாடம். பத்து வயதான என் மகன் அந்தோணி அந்தப் பாடத்தில் இரண்டே வகுப்புப் போனான். அதற்குள் குளத்தின் கூரையில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் இருப்பதைக் கண்டுபிடித்து இழுத்து மூடினார்கள். அதை எடுக்கத் தனி ஆட்கள் வர வேண்டும் என்றார்கள். அவர்கள் வந்து எடுத்து முடித்ததும் டைல்ஸ் ஒட்டும் கம்பெனி திவாலாகிவிட்டது. இன்னொரு கம்பெனிக்கு டெண்டர் விட்டார்கள். செஞ்சியில் ரோடு போடும் லட்சணத்தைத் திட்டி, வெளிநாட்டைத் தலையில் வைத்து ஆடும் என் தம்பி ராஜுவுக்கு இதையெல்லாம் நான் போனில் சொல்வதே இல்லை. சொன்னாலும் நம்பமாட்டான்.

படிக்கிறவர்களுக்கு நான் கோபமாக எழுதுவது போலத் தெரியும். உண்மையில் எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த விடுமுறையில் செஞ்சிக்குப் போய் வந்ததிலிருந்து, நின்று தாளைப் படிக்காமல் அந்தக் கதவைக் கடக்க முடியவில்லை.

2

தண்ணீர் என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே நடுக்கம். நான் பிறந்தது, செஞ்சியிலிருந்து விழுப்புரம் போகும் பஸ்ஸில் ஏறி, மண்டகப்பட்டுக்கு முன்னாலேயே இறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஊர். ஆறு கிடையாது. ஏரியில் தண்ணீர் வந்தால் வரும், வராவிட்டால் ஆடு மேயும். நீச்சல் என்றால் கழனிக் கிணறுதான். பையன்களின் முதுகில் காலி எண்ணெய் கேனைக் கட்டி, இடுப்பில் கயிறு கட்டித் தாய்மாமன் மேலேயிருந்து தள்ளிவிடுவார். காது குத்தும்போது மடியில் உட்காரவைப்பதும் மாமன், கிணற்றில் இறக்குவதும் மாமன். வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவர்களாகி எத்தனையோ தலைமுறை ஆகியும் எங்கள் வீடுகளில் இந்த இரண்டும் மாறவில்லை. பெண்பிள்ளைகள் மேலே நின்று துண்டைப் பிடித்துக்கொண்டிருப்போம். கொஞ்சம் வளர்ந்துவிட்டால் அதற்கும் விடமாட்டார்கள்.

நான் எட்டாவது படிக்கும்போது என் பெஞ்சில் உட்கார்ந்த பிலோமினாவின் அண்ணன் கல்குவாரிக் குட்டையில் செத்துப்போனான். நன்றாக நீந்தத் தெரிந்தவன். ஊர் முழுக்க ஓடியபோது நானும் ஓடினேன். பாறைமேல் அவன் கழற்றி வைத்த சட்டை மடித்தது மடித்தபடி இருந்தது. தண்ணீரில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. இவ்வளவு பெரிய காரியம் நடந்த இடம் இவ்வளவு அமைதியாக இருக்குமா என்றுதான் எனக்கு அழுகையே வந்தது. அதற்குப் பிறகு கிணற்றை எட்டிப் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

பிறகு பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் கல்யாணமாகி இங்கே வந்தேன். அந்தோணி பிறந்தான். வீட்டில் அந்தோணி, பள்ளியில் ஆந்த்வான். இப்போதெல்லாம் அந்தோணி என்றால் இரண்டாவது தடவைதான் திரும்புகிறான். தமிழ் பேசச் சொன்னால் பேசுவான், தானாகப் பேசமாட்டான். பொதுவாகவே வாயைத் திறக்காத பிள்ளை. ஆசிரியர் சந்திப்பில் இவனைப்போல் தொந்தரவு தராத பையன் கிடையாது என்று சொல்வார்கள், நான் பெருமையோடு வீட்டுக்கு வருவேன்.

3

நீச்சல் வகுப்புக்குத் துணையாக இரண்டு தாய்மார்கள் வேண்டும் என்று பள்ளியில் கேட்டபோது நான் முதல் ஆளாகக் கையைத் தூக்கினேன். தண்ணீரைக் கண்டு நடுங்குகிறவள் எதற்குப் போனேன் என்றால், பிள்ளை என் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். பிள்ளைகளின் தலையில் ரப்பர் தொப்பி மாட்டிவிடுவது என் வேலை. மாட்டிவிட்டுச் சுவரோரமாக ஒட்டி நின்றுகொள்வேன்.

நீச்சல் ஆசிரியை கை கால் அடிக்கவே சொல்லித்தரவில்லை. முதல் வகுப்பிலேயே எல்லோரையும் மல்லாக்கப் படுக்கவைத்தாள். கையையும் காலையும் விரித்து, காது தண்ணீருக்குள் போகும்படி, மோவாயைத் தூக்கி, அசையாமல் கிடக்க வேண்டும். இங்கே அதற்கு நட்சத்திரம் என்று பேர். தண்ணீரில் பயம் வந்தாலோ களைத்துப்போனாலோ கத்தக் கூடாது, கையை ஆட்டக் கூடாது, கத்தினால் உள்ளே இருக்கும் காற்று போய்விடும், நட்சத்திரமாகப் படுத்துக் கரையைப் பார், நான் வருவேன் என்றாள். சொன்னபடியே நீளமான ஒரு கோலைக் கையில் பிடித்துக்கொண்டு குளத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். எந்தப் பிள்ளை நட்சத்திரமானாலும் கோல் அதன் கைக்கு வந்துவிடும். இரண்டாவது வகுப்பிலும் இதையேதான் செய்தார்கள். அடுத்த வகுப்பிலிருந்து நீந்தலாம் என்றாள். அடுத்த வகுப்பு வரவில்லை.

நகராட்சி அலுவலகத்துக்குப் பல தடவை நடந்தேன். அதை இங்கே மேரி என்பார்கள். வந்த புதிதில் மேரிக்குப் போய்வரலாம் வா என்று கணவர் கூப்பிட்டபோது, மாதா கோயிலுக்கு என்று நினைத்துத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு கிளம்பியவள் நான். அங்கே கவுண்டரில் இருந்த பெண்ணிடம், ஊருக்குப் போவதற்குள் என் மகன் நீச்சல் கற்றாக வேண்டும் என்று சொல்லப்போய், பதற்றத்தில் நீந்துவதற்கான சொல்லை விட்டுவிட்டு மூழ்கிச் சாவதற்கான சொல்லைச் சொல்லிவிட்டேன். இரண்டும் பிரெஞ்சில் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் ஒலிக்கும். அவள் சிரிக்காமல் திருத்தினாள். பக்கத்தில் நின்ற அந்தோணி என் கையிலிருந்து தன் கையை மெல்ல உருவிக்கொண்டான். என் வாயில் அந்தச் சொல் வந்ததே என்று அன்று ராத்திரி கூடுதலாக ஒரு ஜெபமாலை சொன்னேன். பக்கத்து நகரத்துக் குளத்தில் கேட்டால் அந்த நகரத்துப் பிள்ளைகளுக்கே இடமில்லை, காத்திருப்போர் வரிசையில் சேருங்கள் என்றார்கள். சேர்ந்தோம். அதற்குள் விடுமுறை வந்துவிட்டது.

4

இந்த வருஷம் செஞ்சிப் பக்கம் ஆடிக்கு முன்பே நல்ல மழை. தம்பியின் கிணற்றில் தண்ணீர் பாதிக்கு மேல் ஏறி நின்றது. நாங்கள் போய் இறங்கிய அன்றைக்கே அவனுடைய இரண்டு பையன்களும் அந்தோணியைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்கள் பேசுகிற வேகத்துக்கு இவனுடைய தமிழ் ஈடுகொடுக்கவில்லை. ஆனால் நீந்தத் தெரியுமா என்று கேட்டது மட்டும் புரிந்துவிட்டது. தெரியும், ஸ்கூலில் படித்தேன் என்றான். அங்கே அவன் பெருமையாகச் சொல்ல முடிந்தது அது ஒன்றுதான்.

கிணற்றுப் பக்கமே போகக் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தேன். ராஜு கேட்கவில்லை. "இன்னாக்கா, புள்ளைய கண்ணாடிப் பொட்டில வச்சி வளக்கறியா? நான் மாமங்காரன் இருக்கேன், என் கையால ஒரு தபா எறக்கிட்டு அனுப்பறேன்" என்றான். பையன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். வந்ததிலிருந்து அவன் எதையும் ஆசைப்பட்டுக் கேட்கவில்லை, இதை மட்டும்தான் கேட்டான். கேனைக் கட்டித்தான் இறக்க வேண்டும் என்று சொல்லிச் சம்மதித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் கழனிக்குப் போனோம். கேனும் வந்தது, கயிறும் வந்தது. கட்டுவதற்கு முன்னால் தண்ணீர் பழகட்டும் என்று ராஜு அவனைக் கடைசிப் படியில் இறக்கி, இடுப்பளவு தண்ணீரில் நிற்கவைத்தான். அந்தோணி படியைப் பிடித்திருந்த கையை விட்டு, மெல்லச் சாய்ந்து, கையையும் காலையும் விரித்து மல்லாக்கப் படுத்தான். அப்படியே மிதந்தான்.

ராஜுவுக்கு வாய் பிளந்துவிட்டது. எங்கள் ஊரில் மல்லாக்க மிதப்பது கடைசிப் பாடம். கை கால் அடித்து, தண்ணீர் குடித்து, கேனைக் கழற்றி, மேலேயிருந்து குதித்து, அடி மண்ணை எடுத்துவந்து காட்டி, அதற்கெல்லாம் பிறகு ஒரு நாள்தான் பையன்கள் மிதப்பார்கள். மிதக்கத் தெரிந்தவனுக்கு இனிக் கற்க ஒன்றுமில்லை என்று அர்த்தம். பிரான்ஸில் அதுதான் முதல் பாடம் என்று ராஜுவுக்கு எப்படித் தெரியும்? கேனைத் தூக்கி மோட்டார் கொட்டகைப் பக்கம் போட்டுவிட்டான். அது ஒன்றுதான் அவனுக்குத் தெரியும், அதற்கு மேல் தெரியாது என்று நான் மேலேயிருந்து சொன்னேன். "அதுக்கு மேல இன்னாக்கா இருக்குது" என்று சிரித்தான்.

நான் இன்னும் கத்திச் சண்டை போட்டிருக்கலாம். ஆனால் பையன் படியைத் தொட்டுத் தொட்டு மிதந்துகொண்டிருந்தான், முகத்தில் ஒரு சிரிப்பு. மச்சான்கள் இரண்டு பேரும் அவனை மெச்சிக்கொண்டிருந்தார்கள். ஊரில் அவன் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

தம்பி பையன்கள் மேலேயிருந்து மாற்றி மாற்றிக் குதித்தார்கள். குதிக்கக் குதிக்க அலை எழும்பி அந்தோணியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படியிலிருந்து தள்ளிக்கொண்டு போனது. நடுக்கிணற்றுக்குப் போனபிறகும் அவன் நட்சத்திரமாகவே கிடந்தான். ராஜு மோட்டார் வைத்திருக்கும் திட்டில் உட்கார்ந்து, "பாருக்கா, தண்ணி மேல பாய் போட்டுப் படுத்தா மாரி படுத்துனுக்கிறான்" என்றான். பையன்களும் சிரித்தார்கள். நானும் ஒரு நொடி சிரித்திருப்பேன்.

அப்போதுதான் அவன் முகத்தைக் கவனித்தேன். சிரிப்பு இல்லை. உதடு இரண்டும் ஒட்டியிருந்தன. மோவாய் மேலே தூக்கியிருந்தது. தலையைத் திருப்பாமல் கண்கள் மட்டும் கிணற்றின் விளிம்பைச் சுற்றிச் சுற்றி வந்தன. அந்தக் கண்களை நான் குளத்தில் ரப்பர் தொப்பிக்குக் கீழே பார்த்திருக்கிறேன். அவன் விளையாடவில்லை. கோல் வரும் என்று காத்திருந்தான்.

அவன் பேரைச் சொல்லிக் கத்தினேன். காது தண்ணீருக்குள் இருந்ததால் அவனுக்குக் கேட்கவில்லை. "வுடுக்கா, அவன் பாட்டுக்கு மெதக்கறான்" என்றான் ராஜு. கொட்டகைச் சுவரில் ஆட்டுக்குத் தழை இழுக்கும் தொரட்டிக் கோல் சாய்ந்திருந்தது. அதைப் பிடுங்கிக்கொண்டு படியில் இறங்கினேன். எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. புடவை தண்ணீரில் மிதந்தது மட்டும் நினைவிருக்கிறது. ஒரு கையால் கல்லைப் பிடித்து மறு கையால் கோலை நீட்டினேன். அது அவன் வரைக்கும் எட்டவில்லை.

ஆனால் அவன் கோலைப் பார்த்துவிட்டான். பார்த்ததும் விரித்திருந்த கையை மடக்கி அதன் பக்கம் பாய்ந்தான். பாய்ந்த உடனே மிதப்பு போய்விட்டது. தலை உள்ளே போனது, ஒரு தடவை மேலே வந்தது, வாய் திறந்திருந்தது, மறுபடியும் போய்விட்டது. சத்தமே இல்லை. அவன் இருந்த இடத்தில் தண்ணீர் சமமாகிவிட்டது.

நான் என்ன சத்தம் போட்டேனோ தெரியாது, பக்கத்துக் கழனியில் மல்லாட்டைச் செடிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்துவிட்டார்கள். அதற்கு முன்பே ராஜு குதித்திருந்தான். அவன் உள்ளே இருந்த நேரத்தை இப்போதும் என்னால் தாண்ட முடியவில்லை. பையனை முடியைப் பிடித்து மேலே தூக்கி வந்தான். படியில் போட்டுக் கவிழ்த்ததும் தண்ணீராக வாந்தியெடுத்தான், இருமினான், பிறகுதான் அழுதான். அந்த அழுகையைக் கேட்டுத்தான் எனக்கு மூச்சே வந்தது. எப்போது எட்டிப் பிடித்தானோ, நான் நழுவவிட்ட தொரட்டியின் நுனி அவன் கையில் இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

5

ராஜு படியிலேயே உட்கார்ந்துவிட்டான். எதற்கும் அசையாத ஆள். நைனா செத்தபோதுகூட நின்று எல்லாக் காரியத்தையும் பார்த்தவன். என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"கத்தவே இல்லியேக்கா" என்றான். "ஒரு சத்தம் குடுத்திருந்தான்னா வுழுந்திருப்பேனே."

அந்தோணி என் மடியில் படுத்திருந்தான். அவனுக்கு இது புரிந்தது. தமிழில், தானாகவே, மாமாவைப் பார்த்துச் சொன்னான்.

"நான் கூப்பிட்டேன் மாமா. ரொம்ப நேரம் கூப்பிட்டேன். நீங்க யாரும் வரலை."

ராஜுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைப் பார்த்தான். நான் அந்த வகுப்பையும் கோலையும் சொன்னேன். கேட்டு முடித்தவன், பையனின் ஈரத் தலையில் கையை வைத்து, "தண்ணில பயம் வந்துச்சின்னா கத்தணும்டா கண்ணு. ஊரே கேக்கறா மாரி கத்தணும்" என்றான். "கத்தினா காத்து போயிடும் மாமா" என்றான் பையன்.

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். கரையில் நின்று உன்னையே பார்த்துக்கொண்டிருக்க ஒரு ஆள் இருக்கும் இடத்தில் நட்சத்திரமாகப் படுத்தால் போதும். ஆளாளுக்கு அவரவர் வேலையைப் பார்க்கும் கிணற்றில் கத்தினால்தான் பிழைக்க முடியும். இரண்டாவது இடத்திலும் பிழைக்கிற அளவுக்கு நீந்தக் கற்றுக்கொள்வதற்கு முன்பே முதல் இடத்தின் கதவைப் பூட்டித் தாளை ஒட்டிவிட்டார்கள்.

மறுநாளே ராஜு இவன் முதுகில் கேனைக் கட்டிக் கிணற்றில் இறக்கினான். நான் வேண்டாம் என்றேன். இப்போது இறக்காவிட்டால் பயம் சாகும்வரை போகாது என்று என்னைக் காட்டியே பையனிடம் சொன்னான். கயிற்றைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, நாங்கள் பிரான்ஸுக்குத் திரும்பும்வரை தினமும் கத்தக் கற்றுக்கொடுத்தான். முதலில் பையன் பூனைக்குட்டி மாதிரி கத்தினான். கிளம்புவதற்குள் பக்கத்துக் கழனிக்காரர்கள் திட்டும் அளவுக்குத் தேறிவிட்டான். ஆனால் கை கால் அடித்து நீந்த இன்னும் வரவில்லை.

6

திரும்பி வந்து வெகு நாளாகிவிட்டது. பள்ளி திறந்தாயிற்று. நகராட்சியில் இன்னொரு தடவை போய்க் கேட்டேன், இந்த முறை சரியான சொல்லைச் சொல்லித்தான் கேட்டேன். தகவல் பலகையைப் பாருங்கள் என்றார்கள்.

குளத்தைவிட இப்போது எனக்கு வீட்டில்தான் பயம். பள்ளியிலிருந்து வந்ததும் அந்தோணி தன் அறைக்குப் போய்க் கட்டிலில் மல்லாக்கப் படுத்துக் கூரையைப் பார்ப்பான். இன்று நேற்றல்ல, எப்போதுமே அப்படித்தான். நான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, பிள்ளை அவன் பாட்டுக்கு இருக்கிறான் என்று என் வேலையைப் பார்ப்பேன். மற்ற வீடுகளில் பிள்ளைகள் கத்துகிறார்கள், கதவை அறைகிறார்கள், நம் வீட்டில் அந்தத் தொல்லை இல்லை என்று கணவரிடம் சொல்லியிருக்கிறேன். ரொம்ப நேரம் கூப்பிட்டேன் என்று அவன் அன்றைக்குச் சொன்னது கிணற்றைப் பற்றி மட்டும்தானா என்று என்னால் கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

நேற்றும் வந்து படுத்தான். அடுப்பை அணைத்துவிட்டுப் போய் அவன் அறை வாசலில் நின்றேன். பள்ளியில் ஏதாவது நடந்ததா என்று தமிழில் கேட்டேன். ஒன்றுமில்லை என்று பிரெஞ்சில் சொன்னான். நான் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, ஏன் இன்னும் நிற்கிறாய் என்றான். சும்மாதான் என்றேன்.

அவன் கூரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சுவர்ப் பக்கமாக நகர்ந்து படுத்து, கட்டிலில் எனக்கு இடம் விட்டான்.